வெள்ளை எனாமல்

கடைக்காரர் இரண்டு மரத்துண்டுகளைக் கண்ணாடி மேசைமேல் அருகருகே வைத்தார். இரண்டும் வெள்ளை. கஸ்தூரி குனிந்து பார்த்தாள். இடது பக்கத் துண்டில் மேலே எரிந்த டியூப்லைட் நூல் பிடித்தது போல நேராகத் தெரிந்தது. வலது பக்கத் துண்டில் அதே டியூப்லைட் லேசாக நெளிந்து, பிரஷ் போன வழியெல்லாம் மெல்லிய கோடுகளாகப் பிரிந்து கிடந்தது.

"இது ஆயில், இது வாட்டர் பேஸ்" என்றார் முகமது ஆசிக். ஆவடி மெயின் ரோட்டில் அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்தப் பெயிண்ட் கடை இருக்கிறது. "ரெண்டுமே எனாமல்தான் மேடம். கதவு, ஜன்னலுக்கு ரெண்டும் ஓடுது. ஆயில்ல பளபளப்பு ஜாஸ்தி, அடி தாங்கும். ஆனா காய லேட் ஆகும், நெடி இருக்கும். வெள்ளைன்னா போகப் போக லேசா மஞ்சள் தட்டும். வாட்டர் பேஸ் காலைல அடிச்சா மத்தியானம் தொட்டுப் பாக்கலாம். வாசனைன்னு ஒண்ணும் இருக்காது. ஆனா இந்த ஃபினிஷ் வராது."

கஸ்தூரி இடது பக்கத் துண்டை விரலால் தடவினாள். கண்ணாடி மாதிரி வழுக்கியது.

"வீட்ல குழந்தைங்க, வயசானவங்க, வீசிங் இருக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"நீங்க மட்டும்தானா?"

"நான் மட்டும்தான். ஆயிலே குடுத்துடுங்க."

சொன்ன வேகம் அவளுக்கே புதிதாக இருந்தது. ஒரு சேலை எடுக்கப் போனாலும் நாலு கடை ஏறி இறங்குகிறவள். நெடியைப் பற்றிக் கவலைப்படாமல் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, மூக்கு செத்துப்போனதில் இப்படி ஒரு சௌகரியமும் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வாசனை தெரியாது. கொரோனா இரண்டாம் அலையில் அவளும் கணவர் ஞானசேகரனும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, நாக்குக்கு உப்பும் புளிப்பும்கூட ஒருவழியாக வந்து சேர்ந்தன. மூக்கு மட்டும் வரவில்லை. ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று எல்லோரையும் போல அவளும் நம்பிக் காத்திருந்தாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் போய், எனக்கு ஊதுபத்தி வாசனை தெரியவில்லை என்று சொல்வதா? அவர்கள் வந்து முடித்த பிறகோ, சொல்வதற்கு ஆள் இல்லை.

பால் கெட்டிருக்கிறதா என்பதைக் காய்ச்சிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கேஸ் அடுப்புக்குப் பயந்து கரண்ட் அடுப்பு வாங்கினாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் வால்வு கம்பெனியில் மத்தியான நேரத்தில் யாராவது கருவாட்டு டப்பாவைத் திறந்தால், மற்றப் பெண்கள் சிரித்துக்கொண்டே மூக்கைப் பொத்துவார்கள். அதைப் பார்த்து ஒரு நொடி கழித்து அவளும் பொத்துவாள். எல்லாவற்றையும்விட, பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தும் யாராவது உட்காராமல் நின்றுகொண்டே வந்தால்தான் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். தன்மேல் ஏதாவது நாற்றம் வருகிறதோ? யாரிடம் கேட்பது? காலையும் மாலையும் சோப்புத் தேய்த்துக் குளித்தாள்.

கோவில்பதாகையில் அவளுடைய வீடு சின்னது. போன கார்த்திகை மழையில் தெருத்தண்ணீர் உள்ளே வந்து நின்றதில் கதவுகள் அடியில் ஊறி உப்பிப் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. பல மாதம் அப்படியே விட்டு வைத்தவள், ஆவணியில் ஒருநாள் ஆபீஸில் யாரோ அவள் முந்தானையிலிருந்து ஒரு வெள்ளைச் செதிலைத் தட்டிவிட்டபோதுதான் வெட்கப்பட்டு லோகேஷைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்தில் பெயிண்ட் வேலை என்றால் அவன்தான்.

டப்பாவைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம். "நல்ல வேலை பண்ணக்கா. அந்தத் தண்ணி பெயிண்ட்டு எனக்கு ஒத்தே வராது. இது தானா பரவி தானா ஒக்காந்துக்கும்" என்றான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, கதவு, நிலை, ஜன்னல் எல்லாவற்றுக்கும் இரண்டு கை அடித்தான். போகும்போது, "ஜன்னலத் தொறந்து போட்டு வையிக்கா. ரெண்டு நாள்ல நெடி போயிடும்" என்றான். அவள் சரி என்றாள். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல எல்லா ஜன்னலையும் சாத்தித் தாழ்போட்டுப் பூட்டிக்கொண்டுதான் போனாள். ஆளில்லாத வீட்டை எப்படித் திறந்து போட்டுவிட்டுப் போவது? சாயங்காலம் வந்தால் கொசு.

கதவுகள் அழகாக வந்திருந்தன. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் காரணமில்லாமல் அறைக்கு அறை நடந்து பார்த்தாள். ஒவ்வொரு கதவிலும் மங்கலாக ஓர் உருவம் அவளோடு கூடவே வந்து, அவள் நின்றால் நின்றது.

பவித்ராவின் ஃபோன் அதற்கு மறுநாள் வந்தது.

"சித்தி, நான் பவித்ரா" என்றாள். ஃபோனில் பெயர் தெரியும் என்றாலும் அவள் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பாள். ஞானசேகரனின் மூத்த தாரத்து மகள். கஸ்தூரி அந்த வீட்டுக்கு வந்தபோது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். தலை பின்னிவிட்டால் உட்காருவாள், சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள், ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. எதையும் கேட்டதும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம் என்று கஸ்தூரி பிறகு நிறைய தடவை நினைத்திருக்கிறாள். அப்பா போனபின் வேலூரில் இருந்த தாய்மாமன்தான் முன்னால் நின்று கல்யாணம் செய்து வைத்தார். இப்போது புருஷனோடு பெங்களூரில் இருக்கிறாள்.

"சொல்லும்மா. உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன். ட்ராவல் பண்றதுன்னா இப்பவே பண்ணிடுங்க, அப்புறம் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "டெலிவரிக்கு அங்க வந்து இருக்கட்டுமா சித்தி? உங்களுக்கு ஆபீஸ் இருக்கு. சிரமம்னா சொல்லிடுங்க."

கஸ்தூரி பக்கத்திலிருந்த நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்ன கேள்வி? உன் வீடு."

"மாமா வேலூருக்குத்தான் வரச் சொல்றாரு. எனக்கென்னமோ அப்பா ரூம்ல இருக்கணும் போல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். கஸ்தூரி அந்த அறைக்குப் போய்க் கட்டிலைப் பார்த்தாள். மெத்தையை வெயிலில் போட வேண்டும், புது விரிப்பு வாங்க வேண்டும், ஆபீஸில் லீவு சொல்ல வேண்டும். கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தபோது விரல்களில் லேசாகப் பிசுபிசுத்தது. அப்போதுதான் அவளுக்குப் பெயிண்ட் நெடி ஞாபகம் வந்தது.

சொல்லிவிடலாமா என்று ஃபோனைக் கையில் எடுத்தாள். சொன்னால், சரி சித்தி, பரவாயில்லை, நான் மாமா வீட்டுக்கே போய்க்கிறேன் என்பாள். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். ஃபோனை வைத்துவிட்டு வீட்டின் எல்லா ஜன்னலையும் திறந்தாள். திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். காற்று குளிர்ச்சியாக உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். சுதா அந்த ஊர்க்காரி. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றாள். இத்தனை வருஷத்தில் மாவு வாங்கியதும் சில்லறை கொடுத்ததும் தவிர இருவருக்கும் பேச்சில்லை.

"சுதா, ஒரு நிமிஷம் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறியா? மோந்து பாக்கணும்."

"இன்னாத்தக்கா?"

"வீட்ட."

சுதா மாவுக்கையோடு வந்தாள். வாசல்படி தாண்டியதுமே புறங்கையால் மூக்கை அழுத்திக்கொண்டாள். "யம்மாடி! இன்னாக்கா இது, மண்டைய இடிக்குது! இதுக்குள்ளயா படுத்துகினு கீற?"

"பழகிடுச்சு" என்றாள் கஸ்தூரி. பொய் தடையில்லாமல் வந்தது.

புள்ளத்தாச்சிப் பெண் வருகிறாள் என்று கேட்டதும் சுதா சுறுசுறுப்பானாள். வெங்காயத்தை நறுக்கித் தண்ணீரில் போட்டு மூலைக்கு மூலை வைக்கச் சொன்னாள், அடுப்புக்கரியைத் தட்டில் பரப்பச் சொன்னாள், சாம்பிராணி போடச் சொன்னாள். கஸ்தூரி லீவு போட்டுவிட்டு எல்லாவற்றையும் செய்தாள். கதவுகளை ஈரத்துணியால் துடைத்தாள், வாடகைக்குப் பெரிய ஃபேன் எடுத்து வந்து ஓடவிட்டாள். கண் எரிந்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்துக்கொண்டாள். தினமும் காலையில் சுதா வந்து அறை அறையாக நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "நேத்திக்கி இப்போ கம்மிதான்" என்பாள். "அந்த உள் ரூம்ல தான் இன்னும் கொஞ்சம் கீது." கஸ்தூரி அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். சுதா நின்றபடியே குடித்துக்கொண்டு தன் மாமியாரைப் பற்றியும் மிக்ஸி ரிப்பேரைப் பற்றியும் பேசினாள். அவள் போனபின் கஸ்தூரி அந்த டம்ளரைக் கழுவாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் சுதா எல்லா அறைக்கும் போகவில்லை. கூடத்திலேயே நின்றாள். நறுக்கிய வெங்காயத்தையும், கரித்தட்டையும், புதிதாக விரித்த கட்டிலையும், பிறகு கஸ்தூரியின் முகத்தையும் பார்த்தாள்.

"போயிடுச்சிக்கா" என்றாள். "நல்லாத்தான் கீது. நீ தெகிரியமா இரு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சென்னீர்குப்பம் தாண்டிவிட்டதாக மாப்பிள்ளை அபிஷேக் ஃபோன் செய்தான். கஸ்தூரி ரசத்துக்குத் தாளித்து இறக்கினாள். ஆரத்தி சுற்றச் சுதா வந்து தட்டோடு நின்றாள். கார் வந்தது. பவித்ரா இறங்கியபோது கஸ்தூரிக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. முகம் ஊதி, கழுத்து கறுத்து, வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அப்பாவைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்தாள். ஆரத்தி முடிந்தது. வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

கூடத்தின் நடுவரைக்கும் போயிருப்பாள். அங்கேயே நின்றாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, கஸ்தூரியைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே ஓடி, சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

சுதா ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்தாள். கஸ்தூரி வாசற்படியிலேயே நின்றாள். அபிஷேக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். நல்ல பையன், குரலை உயர்த்தவில்லை. "பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா அத்தை? அதோட வெங்காயம், சாம்பிராணி எல்லாம் சேந்து என்னமோ மாதிரி இருக்கு. ஆயில் பெயிண்ட்டா? இப்பல்லாம் வாட்டர் பேஸ் வந்துடுச்சே. நெடியே இருக்காது."

"தெரியும் மாப்பிள்ளை" என்றாள் கஸ்தூரி.

அவன் காருக்கு அந்தப் பக்கம் போய், ஐயப்பன்தாங்கலில் இருக்கும் தன் அக்கா வர்ஷாவுக்கு ஃபோன் போட்டான். பவித்ரா கார்க் கதவைத் திறந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். சுதா யார் முகத்தையும் பார்க்காமல், "தோ வரேங்கா" என்று தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கஸ்தூரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா சித்தி? எப்படி இதுக்குள்ள இருக்கீங்க?"

"எனக்கு வாசனை தெரியாதும்மா."

பவித்ரா சொம்பை இறக்கினாள். "ஜலதோஷமா?"

"இல்ல. எதுவுமே தெரியாது. கொரோனா வந்ததுலேருந்து."

"அப்போலேருந்தா? ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்ற மாதிரி இடம் வரலம்மா." கஸ்தூரி தெருவைப் பார்த்தபடி பேசினாள். "உங்க அப்பாவ அட்மிட் பண்ணப்ப ஒரு சட்டை போட்டிருந்தாரில்ல, கட்டம் போட்டது. எல்லாம் முடிஞ்சப்புறம் அத ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து முகத்துல வச்சுப் பாத்தேன். ஒண்ணுமே வரல. யாரோ கடைக்காரன் புதுத்துணிய நீட்டின மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் மூக்கு போயிடுச்சுன்னே எனக்குத் தெரிஞ்சுது."

தெருமுனையில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று உதைத்துக்கொண்டே இருந்தார்கள். பவித்ரா சொம்பைத் தரையில் வைத்தாள்.

"அந்தச் சட்டை இருக்கா?"

"இருக்கு. துவைக்கல."

"எடுத்துட்டு வாங்களேன்."

பீரோவின் அடித்தட்டில், கம்பளிக்குக் கீழே அது இருந்தது. அதே பிளாஸ்டிக் கவர், அதே முடிச்சு. கஸ்தூரி கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பவித்ரா நகத்தால் பொறுமையாகப் பிரித்தாள். சட்டையை வெளியே எடுக்கவில்லை. கவரின் வாயை விரித்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் முதுகு ஏறி இறங்கியது.

தினமும் காலையில் சுதாவின் முன்னால் நின்றது போலவே கஸ்தூரி நின்றாள்.

"வருதா?"

கவருக்குள்ளிருந்து தலை அசைந்தது.

"எப்படி இருக்கு?"

"அப்பா மாதிரி இருக்கு சித்தி."

கஸ்தூரி அவள் முகத்தைப் பார்க்க முயன்றாள். முகம் உள்ளேயே இருந்தது. இத்தனை வருஷம் ஒரு சட்டையில் மனித வாசனை தங்குமா? கூடவே இருந்த பெயிண்ட் நெடி பீரோவுக்குள் போகாமலா இருந்திருக்கும்? சுதாவும் இப்படித்தான் சொன்னாள். கேட்டால் இவளும் ஆமாம் என்றுதான் சொல்வாள். கஸ்தூரி கேட்கவில்லை. கை தானாகப் போய் அந்தப் பெண்ணின் தலையில் உட்கார்ந்தது. சின்ன வயதில் எண்ணெய் வைத்துப் பின்னிய அதே அடர்த்தியான முடி. பவித்ரா தலையை நகர்த்திக்கொள்ளவில்லை.

நிமிர்ந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது. கவரை மடித்து, காற்றை வெளியே அமுக்கி, ஒன்றுக்கு இரண்டாக முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அடிக்கடி திறக்காதீங்க. போயிடும்."

அபிஷேக் வந்தான். அக்கா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, இப்போதைக்கு அங்கே போகலாம் என்றான். இப்போதைக்கு என்பது எதுவரைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கஸ்தூரி ரசத்தையும் பொரியலையும் தூக்கில் போட்டுக் கொடுத்தாள். உப்பு, காரம் பார்த்துத்தான் செய்திருந்தாள், வாசனை எப்படியோ.

"நெடி போனதும் சொல்லுங்க சித்தி" என்ற பவித்ரா உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல. நானே வந்து பாக்கறேன்."

கார் திரும்பிப் போனது.

மறுநாள் லோகேஷ் வந்தபோது கஸ்தூரி ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுகொண்டிருந்தாள். உள் கதவுகள் எல்லாவற்றையும் கழற்றி மொட்டை மாடியில் வெயிலில் வைக்க வேண்டும் என்றாள்.

"இப்பதானக்கா அடிச்சேன். மாட்டுன கதவ யாராச்சும் கழட்டுவாங்களா? கொஞ்ச நாள்ல தானா போயிடும்."

"கொஞ்ச நாள்னா அவ மனசு மாறிடும். கழட்டு."

"சரி, கதவக் கழட்டலாம். நிலைய இன்னா பண்ணுவ? செவுத்தோட பேத்துகினு போய் மாடில வப்பியா?"

அவள் முதல் கீலில் கையை வைத்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டான். சத்தம் கேட்டு வந்த சுதா ஒரு கதவின் மறுமுனையைப் பிடித்தாள். மூன்று பேரும் மூச்சு வாங்க மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். அப்பளம் காயவைத்தது போலக் கதவுகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நின்றன. கண் கூசும் வெள்ளை. லோகேஷ் போகும்போது திரும்பித் திரும்பித் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே போனான். சுதாவுக்கு மாவு அரைக்கும் நேரம் வந்துவிட்டது.

சாயங்காலம் கஸ்தூரி கூடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். இந்த வீட்டை ஒரே பார்வையில் அவள் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சமையலறை மேடையும், பின்பக்கத்துத் துவைக்கும் கல்லும், அதன்மேல் விழுந்த கடைசி வெயிலும் தெரிந்தன. மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் இடி உருண்டது. எழுந்து மாடிக்குப் போய்க் கதவுகளின்மேல் தார்ப்பாய் போட வேண்டும் என்று நினைத்தாள். ஆனாலும் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள். மழைக்கு முந்தைய காற்று பின்வாசல் வழியாக நுழைந்து, தடுக்க எதுவும் இல்லாமல் அறை அறையாகப் புகுந்து வந்தது. உள்ளறைக் கட்டிலில், யாரும் இன்னும் படுக்காத புது விரிப்பின் ஒரு முனை தூக்கியது, அடங்கியது, மறுபடி தூக்கியது.